அணைத்த மெழுகுதிரி

பாம்பனில் நானும் என் தம்பியும் ஒரே வள்ளத்தில் தொழில் செய்தோம். ஐம்பதுகளின் கடைசி அது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், இன்றும் குறைந்தபாடில்லை. ஒருநாள் காலையில் வள்ளத்தில் சுருட்டி வைத்திருந்த புது வலையை விரித்தால், நடுவில் முழ நீளத்துக்கு அறுபட்டுக் கிடந்தது. பாறையில் கிழிந்தால் பிய்ந்து தொங்கும். இது கத்தி பட்ட அறுப்பு. முந்தின நாள்தான் தம்பி தனியாகப் போகிறேன் என்று என்னோடு மல்லுக்கு நின்றிருந்தான். வேறு யார் செய்திருப்பார்கள்?

எங்கள் கரையில் இப்படி ஒரு வழக்கு வந்தால் கோவிலில்தான் தீரும். மாதா முன்னால் மெழுகுதிரி ஏற்றி, "நான் பொய் சொன்னா என் குடும்பம் இப்படி அணையட்டும்" என்று சொல்லித் திரியை விரலால் நசுக்க வேண்டும்.

"சத்தியமா நான் தொடலண்ணே. திரிய மட்டும் அணைக்கச் சொல்லாதிய. வீட்ல அவ பிள்ளத்தாச்சி" என்றான் தம்பி.

"நெசம் பேசுறவனுக்கு என்னலே நடுக்கம்? அணைலே!"

அணைத்தான். கை நடுங்கியது. அதைப் பார்த்ததும் இவன்தான் என்று முடிவே கட்டிவிட்டேன், மடையன்.

பதினைந்தே நாளில் பிள்ளை செத்துப் பிறந்தது. மாதா கேட்டுவிட்டாள் என்று ஊரே பேசியது. தம்பி தன் பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு மண்டபத்துக்குக் குடிபோனான். நான் தடுக்கவில்லை.

பிறகு வள்ளத்தைக் கரையேற்றி அடிப்பலகைகளைத் தூக்கியபோது, கீழே என் மீன்வெட்டும் கத்தி கிடந்தது. வலை அறுந்த நாளிலிருந்து காணாமல் போனது. கடலில் விழுந்துவிட்டதென்று இருந்தேன். பிடியிடுக்கில் அந்த வலையின் நூல். வேலை முடிந்த அலுப்பில் கத்தியை வலைமேல் வீசியவன் நான். பார்க்காமல் அதோடு சேர்த்துச் சுருட்டி இழுத்தவனும் நான்தான்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். "லத்தீனில் எக்ஸெக்ராசியோ என்று ஒரு சொல் உண்டு. சாபத்துக்கும் அதுதான் பேர், தன்மேல் சாபத்தை இழுத்துப் போட்டுச் செய்கிற சத்தியத்துக்கும் அதுதான். அவன் வாயாலேயே அவனுக்குச் சாபம் போட வைத்திருக்கிறாய். போய் உண்மையைச் சொல்" என்றார். ஞாயிறுதோறும் பூசையில் எத்தனையோ லத்தீன் கேட்டு எதுவும் தங்காத மண்டையில் அந்த ஒரு சொல் மட்டும் தங்கிவிட்டது.

பாலம் தாண்டினால் மண்டபம். அங்கே போய்ச் சேர எனக்கு ஆறு வருஷம் ஆனது. வெட்கம்தான், வேறென்ன.

தம்பி வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து பாய் விரித்தான். நான் வாயைத் திறக்குமுன் அவன் ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணே, இத்தன வருசமா யோசிச்சுப் பாத்துட்டேன். அன்னைக்கு இருந்த கோவத்துல என்னையறியாம நாந்தான் அறுத்திருப்பேன் போல. இல்லன்னா மாதா ஏன் பிள்ளைய எடுக்கணும்? என்ன மன்னிச்சிருங்கண்ணே."

உள்ளே அவன் பெண்டாட்டி பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

பாவி நான், "விடுலே, மன்னிச்சிட்டேன்" என்றேன்.