அறுபதுக்கு மேலே போகாத வண்டி

எங்க வூட்டுக்காரரு கார் வாங்கறதுக்கு முன்னாடி லாரி ஓட்டினாரு. பாம்பே, கல்கத்தான்னு லோடு ஏத்திக்கினு போனா திரும்பி வர மாசக்கணக்காகும். ஒரு தடவை வந்து நின்னப்போ எங்க பொண்ணு என் முந்தானைக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கினு "யாரும்மா இது?"ன்னு கேட்டுச்சு. மனுஷன் அப்படியே வாசப்படியில உக்காந்துட்டாரு. அதுக்கப்புறம்தான் அங்க இங்க புரட்டி பழைய பெட்ரோல் கார் ஒண்ணு வாங்கினாரு. வல்லம் வடகால்ல எங்க தெருவுக்கே அது ஒண்ணுதான் காரு. நான் கொஞ்சம் மிதப்பாத்தான் திரிஞ்சேன், அதுல இன்னா பொய்?

வேலையும் கிடைச்சுது. ஸ்ரீபெரும்புதூர்ல ரயில் கிடையாதே, அதனால அங்க ஒரு கம்பெனி ஆபீசருங்க ரெண்டு பேரு தாம்பரத்துல வந்து இறங்குவாங்க. காலையில அவங்களை ஏத்திக்கினு வந்து ஷிப்ட் சங்கு ஊதறதுக்குள்ள கேட்டுல விடணும். சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடணும். அப்புறம் வூட்டுக்கு வந்து சோறு தின்னுட்டு பொண்ணு பக்கத்துல படுத்துக்குவாரு. எனக்கு அது போதும்.

தொண்ணூத்தொண்ணுல ஆயுத பூஜை முடிஞ்சு கொஞ்ச நாளைக்கெல்லாம் வண்டிக்கு சீக்கு வந்துச்சு. சாவியைத் திருகினதும் ஸ்டார்ட் ஆகும். நாப்பதுல சமத்தா போகும். அறுபதைத் தொட்டு கொஞ்ச தூரம் போனா மூச்சு வாங்கும். ஆக்சிலேட்டரை எவ்ளோ மிதிச்சாலும் ஏறாது, அமுங்கும். ஆபீசருங்க லேட்டு. மறுபடியும் லேட்டு. இன்னொரு தடவை லேட்டானா வேற வண்டி பாத்துக்கறோம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க.

மெக்கானிக்கு பிளக்கை மாத்தினாரு, பாயிண்ட்டைத் தேச்சாரு, கார்புரேட்டரைக் கழட்டி ஊதினாரு. கடைசியில கையைத் துடைச்சிக்கினு, இன்ஜினையே இறக்கிப் பாக்கணும்னுட்டாரு. அந்தக் காசுக்கு நாங்க எங்க போறது? அன்னையிலேர்ந்து எங்க வூட்டுக்காரரு வாயே திறக்கல. வாய் திறக்கலன்னா மனசுல லாரி ஓடுதுன்னு எனக்குத் தெரியாதா? மறுபடியும் மாசக்கணக்கா போயிடுவாரோன்னு பயந்துக்கினு கிடந்தேன்.

அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இந்த வண்டிக்கு அப்படி இன்னாதான் ஆச்சுன்னு எனக்கு மண்டை குடைஞ்சுது. எனக்கு ஒண்ணு புரியலன்னா சோறு இறங்காது, பிறவிக் குணம். நல்லா ஓடின வண்டி பாதி வழியில ஏன் சோந்து போவுது? சோந்து போனது மறுநாள் எப்படித் தேறுது? இன்ஜின் கெட்டிருந்தா எப்பவும்தானே கெட்டிருக்கணும்? கேட்டதுக்கு, உன் வேலையைப் பாருன்னு எரிஞ்சு விழுந்தாரு. நானா விடுவேன்? ஞாயித்துக்கிழமை அவரு வண்டியை ஓட்டிப் பாக்கக் கிளம்பினப்போ, பொண்ணை எங்க அக்கா வூட்ல விட்டுட்டு முன்சீட்ல ஏறி உக்காந்துட்டேன்.

ஒரகடம் தாண்டி வாலாஜாபாத் ரோடு. ரெண்டு பக்கமும் வயல்ல மழைத்தண்ணி நின்னுச்சு. அறுபது தொட்டாரு. கொஞ்ச தூரத்துல அமுங்கிடுச்சு. உருட்டிக்கினே வாலாஜாபாத் போயி பெட்ரோல் போட்டோம். பங்க்காரரு டாங்க் மூடியைத் திருகினப்போ உஸ்ஸுன்னு ஒரு சத்தம். அது இன்னா சத்தம்னு கேட்டேன். பெட்ரோல் கேஸ், எல்லா வண்டியிலயும் வரும்னாரு.

திரும்பும்போது வண்டி எழுபதுல பறக்குது! பெட்ரோல் போட்டா எப்பவுமே இப்படித்தான், போன பங்க்ல கலப்படம் போலன்னாரு எங்க வூட்டுக்காரரு. சரின்னு கேட்டுக்கினு வந்தேன். பாதி வழியில மறுபடியும் அமுங்கிச்சு.

"இப்ப போட்ட பெட்ரோல்தானே உள்ள இருக்குது? அதுக்குள்ளயா கெட்டுப்போச்சு?"ன்னேன். வண்டியை நிறுத்துங்கன்னேன். இறங்கி மூடியைத் திறக்கச் சொல்லி, என் முந்தானை நுனியை அதுகிட்டப் பிடிச்சேன். உஸ்ஸுன்னுச்சு. கேஸ் வெளியே வந்தா துணி என் பக்கமில்ல பறக்கணும்? அது டாங்க் பக்கம் இழுத்துக்கினு போச்சு. ஆகா, இது காத்து குடிக்குதுன்னு எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துச்சு. மூடிட்டு ஓட்டினாரு, ஜம்முன்னு ஏறிச்சு.

"எண்ணெய் டின்னுல ஒரே ஓட்டை போட்டா எண்ணெய் கொட்டுதா? காத்து போக எதிர்ப்பக்கம் இன்னொண்ணு போடறோமில்ல? இந்த டாங்க்குக்கு அந்த ஓட்டை எங்கங்க?"

பிரேக்கைப் போட்டாரு பாருங்க, என் தலை போயி கண்ணாடியில இடிச்சுது. இறங்கிப் பின்னாடி ஓடினாரு. மூடி நடுவுல குண்டூசி ஓட்டை ஒண்ணு இருக்கணுமாம். அது மேல உக்காந்திருந்துச்சு ஆயுத பூஜைக்கு வெச்ச சந்தனப் பொட்டு. ஸ்டீரிங், நாலு சக்கரம், ஜாக்கி, ஸ்பானர் எல்லாத்துக்கும் வெச்சவரு டாங்க் மூடியை மட்டும் விடுவாரா? ஒரு விரல் சந்தனத்தை அப்பி, அது மேல குங்குமத்தையும் அழுத்தியிருக்காரு. சாமிக்கு வெச்ச பொட்டைத் துடைக்கக் கூடாது, தானா உதிரணும்னு வண்டி கழுவும்போதுகூட அதைச் சுத்தித்தான் கழுவுவாரு. அது காஞ்சு சிமெண்ட்டா இறுகிப்போயிருக்குது.

இப்பவும் கை வைக்க யோசிச்சாரு. என் தாலியில மாட்டியிருந்த ஊக்கைக் கழட்டி நீட்டினேன். கன்னத்துல போட்டுக்கினு, கண்ணை மூடி என்னமோ முணுமுணுத்துட்டு, அப்புறம்தான் குத்தினாரு. சந்தனம் பொலபொலன்னு கொட்டுச்சு.

எண்பது! ஒரகடம் வந்துச்சு, அமுங்கல. எங்க ஊர் திருப்பம் வந்துச்சு, அவரு திருப்பவே இல்ல. நேரா ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் ஓட்டினாரு. எனக்கு ஒண்ணும் புரியல. தேரடிகிட்ட ஓரமா நிறுத்தி ஸ்டீரிங் மேல கையை வெச்சிக்கினே இருந்தாரு.

"இங்கயே இரு. லாரி ஆபீசுக்குப் போயி, வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிட்டு வந்துடறேன். இன்னிக்கு ராத்திரி நாக்பூர் லோடுக்கு வரேன்னு ஒத்துக்கினு வந்திருந்தேன்."

நான் டின்னு, ஓட்டைன்னு துப்புத் துலக்கிக்கினு குஷியா வரேன், இந்த மனுஷன் ராத்திரிக்கு லாரி ஏறப்போறதை மனசுல வெச்சிக்கினே பக்கத்துல ஓட்டிக்கினு வந்திருக்காரு.

"எங்கிட்ட எப்பதான் சொல்றதா இருந்தீங்க?"

"பொண்ணு தூங்கினப்புறம்."

நடு பஜாருன்னுகூடப் பாக்காம ஓன்னு அழுதேன்.