கரி எஞ்சின் நின்ற பத்து நிமிஷம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஓசூர் ஸ்டேஷனுக்கு ஒரு கரி எஞ்சின் வந்தது. பெங்களூரிலிருந்து தருமபுரி வரை ஒரு நாள் சுற்றுலா வண்டி. பின்னால் ஒரு டீசல் எஞ்சினையும் மாட்டியிருந்தார்கள் — வயதானவரைத் தனியே அனுப்பாமல் துணைக்கு ஆள் அனுப்புவோமே, அந்த மாதிரி.

ஓசூரில் பத்து நிமிஷம் நிற்கும் என்றார்கள். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் எனக்கு ஒரு வேலை இருந்தது.

என் மனைவி சாந்தி வீட்டிலேயே சொல்லிவிட்டாள். "எஞ்சின் முன்னாடி நாம ரெண்டு பேரும் நிக்கிற மாதிரி ஒரு போட்டோ வேணும். எடுத்துக் குடுங்கன்னு யாரையாவது நீங்கதான் கேக்கணும்."

"நீயே கேளேன்."

"நான் கேட்டா, அவங்க எடுக்கறதுக்குள்ள நீங்க ஓரமாப் போயிடுவீங்க. கல்யாணப் போட்டோ தவிர நாம சேந்து நிக்கிற படம் ஒண்ணு காட்டுங்க பாக்கலாம்."

காட்ட முடியாது. வாராவாரம் இதைப் படிக்கிறவர்களுக்கு என் கூச்சம் தெரியும். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். பஸ்ஸில் 'கொஞ்சம் தள்ளி உட்காருங்க' என்று கேட்க மட்டும் வாய் வராது… ஜூஜுவாடியிலிருந்து கிருஷ்ணகிரி வரை நின்றுகொண்டே போவேன்.

எஞ்சின் பெருமூச்சு விட்டுக்கொண்டு வந்து நின்றது. என்ன ஒரு கறுப்பு! கரி வாசனையும் சூடான எண்ணெய் வாசனையும் பிளாட்பாரம் முழுக்க. நைட் ஷிப்ட் முடித்த பையன்கள் கம்பெனி யூனிபார்மோடு செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். தளி பக்கமிருந்து பூ மூட்டையோடு வந்த ஒரு அம்மா, ஊருக்கு வந்த மகனைக் கேட்பது மாதிரி எஞ்சினைப் பார்த்துக் கன்னடத்தில் "பந்த்யேனப்பா", வந்துட்டியாப்பா, என்றார்.

நானும் சாந்தியும் முன் சக்கரத்துப் பக்கம் போனோம். அங்கே பெங்களூர்க்காரர் ஒருவர், முழங்கை நீள லென்ஸோடு மூன்று கால் ஸ்டாண்டு போட்டு நின்றிருந்தார்.

"ஸார், ஸ்வல்ப தள்ளி. ஃபிரேம்ல வர்றீங்க."

தள்ளினேன். தேவைக்கு மேலேயே தள்ளினேன்.

"ஏழு நிமிஷம் ஆச்சுங்க" என்றாள் சாந்தி.

"கேக்கறேன், இரு."

"எப்போ? அது தருமபுரி போன பொறவா?"

விசில் ஊதியது. எல்லோரும் கேமராவைப் புகைபோக்கிக்குத் தூக்கினார்கள். படம் எடுப்பவர்களுக்குக் கரும்புகை வேண்டும். நான் வேலை செய்கிற இடத்தில் கரும்புகை வந்தால் சூப்பர்வைசர் ஓடி வருவார். இருபது வருஷமாக நான் ஒரு ஃபேக்டரியில் பாய்லர் பார்க்கிறேன். அதனால் என் கண் தானாகக் கீழே போனது.

காலையில் ஸ்டீமைத் திறக்கும் முன், குழாயில் தேங்கிய தண்ணீரை வெளியே ஊதிவிட வேண்டும். இல்லாவிட்டால் லைனே அதிரும். எஞ்சினும் அப்படித்தானே? நின்ற வண்டியைக் கிளப்பினால், சக்கரத்துப் பக்கம் இருக்கும் சின்னக் குழாய்கள் வழியாக ஊதியே ஆக வேண்டும். அந்தக் குழாய்களுக்கு நேர் மேலே, பிளாட்பார விளிம்பில்தான் நம் பெங்களூர்க்காரர், அண்ணாந்து பார்த்தபடி.

"ஸார், அங்க நிக்காதீங்க. கீழருந்து ஸ்டீம் விடப் போறாங்க. பின்னாடி வாங்க!" விளங்காமல் போய்விடப் போகிறதே என்று கன்னடத்திலும் கத்தினேன். "ஹிந்தே பன்னி!"

அது என் குரல்தானா? சாந்தியே திரும்பிப் பார்த்தாள்.

அவர் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு பின்னால் வந்தார். மறு நொடி — புஸ்ஸென்று ஆவி கிளம்பி, அவர் நின்ற இடமே மறைந்துபோனது.

"நீங்க ரயில்வேயா ஸார்?"

"இல்ல ஸார். பாய்லர்."

"லென்ஸ் போயிருக்கும் ஸார். என் மூஞ்சியும்…" என்றவர் ஆவி அடங்கும் முன்பே கேமராவை என் பக்கம் திருப்பினார். "ஒரு போட்டோ எடுக்கட்டுமா?"

இதைவிட வசதியாக யார் கேட்பார்கள்? தலையாட்டினால் போதும், ஆனால் நானே வாய்விட்டுக் கேட்டேன். "எங்க ரெண்டு பேரையும் சேத்து எடுங்க ஸார்."

தெரிந்த விஷயம் கண்ணெதிரே தப்பாகப் போகும்போது கூச்சத்துக்குக் கூச்சப்பட நேரம் கிடைப்பதில்லை போலிருக்கிறது. ஒரு தடவை கத்திவிட்டால், அடுத்தது கேட்பது சுலபம்.

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. பின்னால் வெறும் வெள்ளை ஆவி. ஒரு சக்கரம்கூடத் தெரியவில்லை. "சோறு வடிக்கும்போது எடுத்ததா?" என்று கேட்கிறார்கள் பக்கத்து வீட்டில். சாந்தி அதை ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டாள்.

எஞ்சின்தான் ஓரமாகப் போய்விட்டது. நான் நடுவில் நிற்கிறேன்.