அத்தை கேட்ட பின்லாந்துப் பாட்டு

மருத்துவமனையின் சலவைப் பிரிவில் பெரியக்காவுக்கு இது இருபத்திரண்டாவது வருடம். அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். காரணம் வயதல்ல, குரல். நான்கு துவைக்கும் இயந்திரங்கள் ஒன்றாக உருண்டுகொண்டிருக்கும்போது, இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் இருப்பவளிடம் குடும்பக் கதை பேசக்கூடிய ஒரே ஆள் அவள்தான். வேலை, உருளை இஸ்திரி. ஈரமான படுக்கை விரிப்புகளை ஓரம் பிசகாமல் சூடான உருளைக்குள் ஊட்ட வேண்டும். மறுபக்கம் அது அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று வந்து விழும்.

கணவர் இருந்தவரை வீட்டிலும் பேச்சுக்குப் பஞ்சமில்லை. பேருந்து ஓட்டியவர். அன்றைக்கு ஏறி இறங்கியவர்களையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் நடித்துக் காட்டுவார். அவர் போய் மூன்று வருடம் கழித்து மகளுக்குக் கல்யாணமானது. அம்மாவைத் தனியாக விட மகளுக்கு மனம் வரவில்லை. மாப்பிள்ளையும் மறுபேச்சுப் பேசாமல் இரண்டு பெட்டிகளோடு வந்து சேர்ந்தார்.

மறுபேச்சு மட்டுமல்ல, அவர் எந்தப் பேச்சும் பேசவில்லை என்பதுதான் பிரச்சினை. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவர் தொழில். தங்கமான மனுஷன்தான். ஆனால் சாப்பாடு எப்படி என்று கேட்டால் "நல்லாருக்கு அத்தை." உப்புப் போட மறந்த நாளிலும் "நல்லாருக்கு அத்தை." தட்டைக் கழுவி வைத்துவிட்டு, பெரிய ஹெட்போன் ஒன்றை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுவார். தன் பேச்சுக்குப் பயந்துதான் இந்த மனுஷன் காதை மூடிக்கொள்கிறார் என்று பெரியக்கா முடிவு கட்டியிருந்தாள். "உங்கப்பா இருந்திருந்தா இந்நேரம் வீடே சிரிச்சிட்டிருக்கும்" என்று மகளிடம் அடிக்கடி சொல்வாள். மாப்பிள்ளையின் காதில் விழாமல் சொல்வதாக அவள் நினைப்பு. அந்தக் குரலுக்கு அப்படி ஒரு வசதி கிடையாது.

ஒருநாள் சலவைப் பிரிவில் கொடுத்த காதடைப்பானை அவள் எங்கேயோ தொலைத்துவிட்டாள். புதிது வர ஒரு மாதமாகும் என்றார் மேற்பார்வையாளர். இரண்டு நாளிலேயே காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி ரீங்காரம். மூன்றாம் நாள் காலை, மாப்பிள்ளை வேலைக்குப் போன பிறகு, ஜன்னலோரத்தில் ஒரு துணிப்பையில் அந்த ஹெட்போன் கிடந்தது. சாயங்காலம் அவர் வருவதற்குள் திருப்பி வைத்துவிடலாம் என்று பையோடு எடுத்துப்போனாள். அவளுக்கு வேண்டியது சத்தமில்லாமை, அவ்வளவுதான்.

பத்தரை மணிவாக்கில், ஹெட்போனை மாட்டியபடி விரிப்பை உதறும்போது முழங்கை இடுப்பில் தொங்கிய துணிப்பையில் பட்டது. அதற்குள் ஹெட்போனோடு இணைத்திருந்த பழைய போன் விழித்துக்கொண்டது. முதலில் ஒரு கூட்டமே சேர்ந்து பாடும் குரல், பிறகு இடி இறங்கிய மாதிரி டிரம். இயந்திரம்தான் வெடித்துவிட்டது என்று இரண்டடி பின்வாங்கினாள். உருளை அது பாட்டுக்கு உருண்டுகொண்டிருந்தது. கழற்றி வைக்கலாமென்றால் இரண்டு கையிலும் ஈர விரிப்பு.

அதை ஊட்டி முடிப்பதற்குள் பாட்டு அவளைப் பிடித்துக்கொண்டது. டிரம் அடிப்பவன் வேலைக்குத் தாமதமாகி ஓடுபவன் போல அடித்தான். கிட்டாரும் கீபோர்டும் அவனை முந்தப் பார்த்தன. இத்தனை ரகளைக்கும் மேலே ஒரு ஆண் குரல், நெஞ்சைத் திறந்துபோட்டு, உயர உயரப் போனது. இதற்கு மேல் முடியாது என்று அவள் நினைத்த இடத்தில் இன்னொரு படி ஏறியது. சத்தம் என்று நினைத்ததற்குள் ஒரு மெட்டு இருந்தது. ஒருமுறை கேட்டால் வாயில் வந்து ஒட்டிக்கொள்கிற மெட்டு. ஆறாவது பாட்டு மட்டும் மெதுவானது. பியானோவும் அந்தக் குரலும்தான். அதைக் கேட்டுக்கொண்டே விரிப்பை மடித்தபோது கண் கலங்கியது. ஏனென்று அவளுக்கே தெரியவில்லை. எதிரே நின்று மடித்தவள் கேட்டதற்குச் சோப்புத் தூள் பட்டுவிட்டது என்றாள்.

மறுநாளும் எடுத்துப்போனாள். அதற்கடுத்த நாளும். பத்துப் பாட்டும் வரிசை தப்பாமல் மனப்பாடமாயின. சொல் புரியாததால் ஒவ்வொன்றுக்கும் தானே ஒரு கதை கட்டிக்கொண்டாள். மூன்றாவது பாட்டு, குதிரை தொலைந்துபோனவன் கதை. எட்டாவது, இரண்டு சகோதரர்கள் ஒரு படகுக்காகச் சண்டை போடுவது. மாப்பிள்ளையின் தலை பெரிது என்பதால் ஹெட்போனின் வளைவைக் காலையில் இரண்டு பல் இறக்கிக்கொள்வாள், சாயங்காலம் மறக்காமல் ஏற்றி வைப்பாள். திருட்டுத்தனத்திலும் ஒரு ஒழுங்கு வேண்டுமல்லவா.

இரண்டு வாரம் இப்படிப் போனது. ஒரு காலையில் துணிப்பை ஜன்னலோரத்தில் இல்லை; அவளுடைய சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில் இருந்தது. போனில் முழுச் சார்ஜ். ஹெட்போனின் வளைவு அவள் அளவுக்கு இறக்கியபடியே இருந்தது. பெரியக்காவுக்குக் காதுமடல் சுட்டது. அன்று முழுக்க, எப்படிக் கண்டுபிடித்திருப்பார் என்ற யோசனையிலேயே ஒரு விரிப்பைத் தலைகீழாக ஊட்டிவிட்டாள். காது மெத்தையில் சலவைச் சோப்பு வாசனை வந்ததாக மாப்பிள்ளை ரொம்ப நாள் கழித்துச் சொன்னார்.

அன்று சாப்பிடும்போது அவளுக்கு அடக்க முடியவில்லை.

"மாப்பிள்ளை, அந்த ஆறாவது பாட்டுல அவரு எதுக்கு அப்படி உருகுறாரு?"

மாப்பிள்ளை கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தார். பாடுகிறவர்கள் பின்லாந்துக்காரர்கள் என்றார். பாடுவது ஆங்கிலத்தில். பனிக்காலத்தில் மாதக்கணக்கில் சூரியனைப் பார்க்காத ஒருவன் வெளிச்சத்துக்குக் கடிதம் எழுதுவதுதான் அந்தப் பாட்டு. இந்த அதிரடி ராக் இசைக்குப் பவர் மெட்டல் என்று பெயர். தனக்குப் பதினெட்டு வயதில், புது ஊரில் ஒருத்தரும் பேச்சுத் துணைக்கு இல்லாதபோது இந்த ஆல்பம்தான் கைக்குக் கிடைத்தது. சொல்லிக்கொண்டே போனார். கையில் சோறு காய்ந்துவிட்டது. மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் அவர் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி அவளே கேட்டதில்லை. மூன்றாவது பாட்டில் குதிரையே கிடையாது, அது நட்சத்திரத்தைப் பற்றியது என்று அவர் சொன்னதைப் பெரியக்கா ஒப்புக்கொள்ளவில்லை. குதிரை ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்கிறதே என்றாள்.

அதே வருடம் அந்தக் குழு பக்கத்து நகரத்துக்கு வந்தது. மாப்பிள்ளை தனக்கும் மனைவிக்கும் டிக்கெட் எடுத்தார். அந்தச் சத்தம் தனக்குத் தலைவலி, நீங்களும் அம்மாவுமே போய்வாருங்கள் என்று மகள் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பகல் ரயிலில் மாமியாரும் மாப்பிள்ளையும் கிளம்பினார்கள். வழியெல்லாம் அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதும் ஜன்னலைப் பார்ப்பதுமாக இருந்தார். பழைய வியாதி திரும்பிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அரங்கில் நாற்காலி கிடையாது, எல்லாரும் நிற்க வேண்டும். நாள் முழுக்க நின்றே பழகிய கால்கள், அதனால் அது ஒரு பொருட்டாகவே இல்லை. தாடிக்காரன் ஒருவன் அவளைப் பார்த்து, தன் கூட்டத்தையே நகர்த்தி முன்னால் இடம் விட்டான். விளக்கு மாறியது, டிரம் முழங்கியது, பாடகன் வாயைத் திறந்தான். இரண்டு வரி முடிவதற்குள் பெரியக்கா மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினாள்.

"இது அவரு குரல் இல்லையே."

மாப்பிள்ளையின் முகம் விழுந்துவிட்டது. அந்த ஆல்பம் வந்து பல வருடமாகிறது, அந்தப் பாடகர் குழுவை விட்டே போய்விட்டார், இவர் புது ஆள் என்று அவள் காதருகே குனிந்து ஒப்புக்கொண்டார். சொன்னால் வரமாட்டீர்களோ என்று பயமாக இருந்ததாம்.

இரண்டு பாட்டு முடியும்வரை பெரியக்கா உம்மென்று நின்றாள். இத்தனை தூரம் வந்தது வேறு எவனையோ பார்க்கவா என்று இருந்தது. அப்புறம்தான் அந்தப் புதியவனைச் சரியாகப் பார்த்தாள். முப்பது வயதிருக்கும். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் பின்னாலிருந்து சிலர் பழைய பாடகரின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அவன் சிரித்துச் சமாளித்துவிட்டு, ஆல்பத்தின் அந்த ஆறாவது பாட்டைப் பாடினான். பழையவர் ஏறிய அந்தக் கடைசிப் படி அவனுக்கு எட்டவில்லை. ஆனால் எட்டாது என்று தெரிந்தும் ஏறினான்.

"பாவம் மாப்பிள்ளை அந்தப் புள்ள" என்றாள் பெரியக்கா. "வேற ஒருத்தர் இருந்த இடத்துல வந்து நிக்கிறான். எவ்வளவு நல்லாப் பண்ணாலும் எல்லாரும் பழையவரைத்தான்..."

பாதியில் திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளை மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் பழகிரும் அத்தை" என்றார். குரலில் குறை எதுவும் இல்லை. அதுதான் அவளை அதிகம் அறுத்தது.

பியானோ ஓய்ந்து, கைதட்டல் எழுவதற்கு முன் ஒரு நொடி அரங்கம் அமைதியாக இருந்தது. நான்கு இயந்திரங்களைத் தாண்டிப் பேசும் அந்தக் குரல் அப்போது எழுந்தது.

"நல்லாப் பாடுற ராசா, விடாதே!"

அரங்கமே திரும்பிப் பார்த்தது. மேடையில் இருந்தவனுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனாலும் குரல் வந்த திசையைத் தேடி, நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தான். மாப்பிள்ளை சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்க.

திரும்பும் ரயிலில் அவள் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அதற்கான சொற்கள் அவளிடம் இல்லை. ரொம்ப நேரம் கழித்து, "உங்க மாமா நல்லாப் பேசுவாரு. கேக்கத்தான் மாட்டாரு" என்று மட்டும் சொன்னாள். அத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அவள் வேலையில் என்ன நடந்தது என்று அவர் விசாரித்ததில்லை. அந்தக் கணக்கை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மாப்பிள்ளை அவள் பக்கம் திரும்பினார். அந்த உருளை எவ்வளவு சூடாக இருக்கும், விரல் மாட்டிக்கொள்ளாதா என்று கேட்டார். இறங்கும் நிலையம் வரும்வரை பெரியக்கா பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் புதுப் பாடகரின் ஆல்பத்தை மாப்பிள்ளை அதே போனில் ஏற்றிக் கொடுத்தார். ஒரு வாரம் கேட்டுவிட்டு, நான்கு பாட்டுத் தேறும், மற்றதெல்லாம் அவசரத்தில் செய்தது என்று தீர்ப்புச் சொன்னாள். அவர் ஆறு தேறும் என்றார். அந்த இரண்டு பாட்டுக்காக அவர்கள் இன்றுவரை சாப்பாட்டு மேசையில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மகள் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள்.