கொட்டகையில் ஓடிய கணினி

அன்புச்செல்வன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் ஒரு காலை வைத்திருந்தான். ஈசிசேரில் இருந்த துரைக்கண்ணு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ சவுரியம்மா மவன் தான?"

"ஆமாங்க."

"அப்ப அங்கியே நில்லு. மிஷினை வெளிய கொணாந்து தரச் சொல்றேன்."

படியில் வைத்த காலை அவன் எடுத்துக்கொண்டான். அவனுடைய அம்மா இருபது வருடமாக அவர் நிலத்தில் களை எடுப்பவள். விழுப்புரத்தில் டிப்ளமோ முடித்து, திண்டிவனத்தில் முருகையனின் கம்ப்யூட்டர் கடையில் நான்கு வருடமாக வீடு வீடாகப் போய்ப் பழுது பார்க்கிறவன் அவன் என்பது அந்த வாசலில் யாருக்கும் தேவைப்படவில்லை.

பிரம்மதேசம் தாண்டிய ஊர். 2007ஆம் வருடம். துரைக்கண்ணுவின் மகள் அஸ்வினி இன்ஜினியரிங் கடைசி வருடம் படித்தாள். கட்டட வரைபடம் போட அவளுடைய பழைய கணினிக்குத் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டியிருந்தது.

மாட்டுக் கொட்டகையில் ஒரு பெஞ்சு போட்டுக் கொடுத்தார்கள். அவன் கார்டைப் பொருத்தினான். கணினியோடு வந்த பழைய டிஸ்பிளே சிப்பை செட்டிங்கில் அணைத்தான். டிரைவரை ஏற்றினான். படம் பளிச்சென்று வந்தது. பெட்டியை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் கடைக்குத் திரும்புவதற்குள் போன் வந்துவிட்டது. திரை இருட்டாகிவிட்டதாம்.

இரண்டாம் தடவை, கார்டின் பற்களை ரப்பரால் தேய்த்துத் துடைத்து மாட்டினான். டிரைவரை அழித்துப் புதிதாகப் போட்டான். கார்டின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தான். கொட்டகையில் இரண்டு மணி நேரம் ஓடியது. உள்ளே போனதும் அணைந்தது.

மூன்றாம் தடவை அவன் பெட்டியைத் திறக்கவில்லை. வெளியே நின்று கடைசி அறையின் ஜன்னலைப் பார்த்தான். உள்ளே டியூப்லைட் பிடிக்க முடியாமல் துடித்துக்கொண்டிருந்தது. கொட்டகைக்கு வரும் லைன் புதிது. அந்த அறைக்குப் போவது பழைய மெல்லிய வயராக இருக்க வேண்டும். புதுக் கார்டு இழுக்கும் மின்சாரத்தை அது தராது.

"ஐயா, அந்த ரூம் பிளக்கை ஒரு நிமிஷம் மீட்டர் வெச்சிப் பாக்கணுங்க."

"பிளக்குல இன்னா இருக்குது? மிஷினைப் பாரு."

"மிஷின் இங்க ஓடுதுங்களே."

"அப்ப எம் பொண்ணை மாட்டுக் கொட்டாயில குந்திக்கினு படிக்கச் சொல்றியா?"

வேலையாட்கள் சிரித்தார்கள். "நான் மீட்டரை வெச்சிப் பாக்கட்டுமா?" என்று ஜன்னலில் கை நீட்டினாள் அஸ்வினி. பழக்கமில்லாத கை. அவன் கொடுக்கவில்லை.

முருகையனிடம் நடந்ததைச் சொன்னான்.

"உள்ள விடலன்னா நான் இன்னா பண்றது அன்பு? ஒரே மிஷினுக்கு மூணு தடவை போயிருக்க. நாளைக்கு ஏழுமலை போவட்டும். அவன் முடிச்சிட்டான்னா வெளி வேலை அவனுக்குத்தான். ரெண்டு பேரை வெச்சிக்க எனக்குத் தோது இல்ல."

ஏழுமலை சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவனை யார் வாசலிலும் நிறுத்த மாட்டார்கள். மறுநாள் பதினோரு மணிக்கு அன்புச்செல்வனின் போன் அடித்தது.

"அண்ணே, ரூம்ல இருக்கேன். நீங்க கொட்டாயில ஓடுதுன்னு சொன்னீங்க. இங்க வந்தா இருட்டு. இன்னா பண்றதுன்னே தெரியல."

அன்புச்செல்வன் போனை மறு காதுக்கு மாற்றினான். தெரியாது என்று ஒரு வார்த்தை போதும். ஏழுமலையும் முடிக்காமல் திரும்பி வருவான்.

"சரிண்ணே, நானே பிளக்குல மீட்டர் வெச்சிப் பாக்கிறேன்."

"இரு. மீட்டரோட சிவப்பு வயரை எந்த ஓட்டையில சொருகியிருக்க?"

"பத்து ஆம்பியர்னு போட்டுக்கிதே, அதுல."

"கையை எடு. பிளக்குல வெச்சா மீட்டர் கையிலியே வெடிக்கும். ஜல்தியா உருவு."

வயரை உருவிவிட்டதாக ஏழுமலை சொன்னான். பிறகு அன்புச்செல்வன் நிறுத்தவில்லை. வயரை எதில் சொருகுவது, மீட்டரின் குமிழை எங்கே திருப்பி வைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான்.

"நூத்தி அம்பது வோல்ட்டு தான் காட்டுதுண்ணே."

"முன்ரூம் பிளக்கைப் பாரு."

"இருநூத்தி இருவது."

"மிஷினை அங்க மாத்து. அந்த ரூமுக்குப் புது வயர் இழுக்கச் சொல்லு."

கொஞ்ச நேரம் போனில் நாற்காலி நகரும் சத்தம். அப்புறம் துரைக்கண்ணுவின் குரல் கேட்டது. "இவன் தான் வேலை தெரிஞ்சவன். குந்துப்பா." டம்ளர் வைக்கும் சத்தம்.

"அண்ணே, ஓடுது. வெச்சிட்றேன். காபி குடுக்கிறாங்க."

கல்லாவிலிருந்து முருகையன் நிமிர்ந்தார். "யாரு?"

"ஏழுமலைங்க. ஓடுதாம்."

"பரவால்லியே. போன மொத நாளே முடிச்சிட்டான்."

அன்புச்செல்வன் மீட்டரையும் ஸ்குரூ டிரைவர் பையையும் மேசைமேல் வைத்தான். அவை கடையுடையவை. அந்தச் சனிக்கிழமையோடு வேலை முடிந்தது.

இரண்டு வாரம் கழித்து, மல்லாட்டைக் கடலை பிடுங்கிவிட்டு வந்த சவுரியம்மாள் கைகழுவியபடி கேட்டாள்.

"தொரக்கண்ணு வூட்டுல கம்ப்யூட்டரு நல்லா ஓடுதாம். அந்தப் பொண்ணு படம் போட்டுக்கினே கீதாம். நீ செஞ்சது தானப்பா?"

"இல்லம்மா. உள்ள போயி வேற ஒருத்தர் செஞ்சாரு."