இல்லாத வியாதிக்கு ஒரு வேண்டுதல்

தஞ்சாவூரில் நான் படித்த கிறிஸ்தவக் கல்லூரியில், வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒரு சிஸ்டர் எல்லா மதத்துப் பிள்ளைகளையும் வட்டமாக உட்காரவைத்து அவரவர் சாமியைப் பற்றிப் பேசவிடுவார். முதலாண்டு முழுக்க அங்கே நான்தான் ராணி. மன்னார்குடியில் வெண்ணெய்த்தாழித் திருவிழா அன்று பெருமாள்மேல் ஏன் வெண்ணெய் வீசுகிறோம் என்று நான் விளக்கினால், சிஸ்டர் வாய் ஓயாமல் பாராட்டுவார். அதற்காகத்தான் பேசினேன், பக்தியால் அல்ல.

மறுவருடம் நாகப்பட்டினம் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி சேர்ந்தாள். அவளும் இந்துதான். ஆனால் ஊர் மாரியம்மனையும் வேளாங்கண்ணி மாதாவையும் அக்கா தங்கச்சி மாதிரிப் பேசுவாள்.

"அப்பா கடலுக்குப் போயிட்டா ரெண்டு பேருகிட்டயும் சொல்லிருவோம் சிஸ்டர். யாரு மொதல்ல கேக்குறாங்களோ கேக்கட்டும்."

சிஸ்டர் சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு எரிந்தது. நான் ஒரு வருடமாகப் பேசியும் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

கூட்டம் முடியும்போது ஆளுக்கொரு வேண்டுதல் சொல்ல வேண்டும்; மற்றவர்கள் அதற்காக ஜெபிப்பார்கள். நான் எப்போதும் பரீட்சை என்பேன். ஒருநாள் அவள், அப்பா போன படகு இன்னும் திரும்பவில்லை என்றாள். அறையே கலங்கிப்போனது. அடுத்து என் முறை.

"எங்கம்மாவுக்கு வயித்துல கட்டி. ஆபரேஷனாம்" என்று சொல்லிவிட்டேன். அம்மா அப்போது பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வீடு திரும்பியிருப்பாள்.

அவள் தன் அப்பாவை மறந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். படகு மறுநாளே கரை சேர்ந்தது. அவளோ என் அம்மாவுக்காக வெள்ளிதோறும் மதியச் சாப்பாட்டை விட்டாள். "இன்னைக்கு வேணாங்க்கா" என்பாள். நான் இரண்டாவது முறை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அம்மா சொல்லாமல் கொள்ளாமல் புளியோதரையோடு ஹாஸ்டலுக்கு வந்தாள். மாடிப்படியை மூச்சு வாங்காமல் ஏறி வந்தவளைப் பார்த்து அந்தப் பெண் அழுதேவிட்டாள்.

"நல்லாயிட்டீங்களாம்மா?"

"எனக்கென்னடி, கல்லு மாதிரி இருக்கேன்" என்றாள் அம்மா. நான் அம்மாவை அவசரமாக அறைக்குள் இழுத்துப் போனேன்.

அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அந்தப் பெண் எழுந்து, தேவாலயத்தில் சாட்சி சொல்வதுபோல எல்லாவற்றையும் சொன்னாள். "ரெண்டு பேருமே கேட்டுட்டாங்க சிஸ்டர்!"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். "ஆமா சிஸ்டர்" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

பயத்தில்தான் உண்மையைச் சொல்லவில்லை என்று பல வருடம் நம்பியிருந்தேன். பயமெல்லாம் இல்லை. சொல்லியிருந்தால் அவள் அந்த இடத்திலேயே என்னை மன்னித்திருப்பாள். அதிலும் அவளே ஜெயிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.