இரண்டு அடி விழுந்தால் நிற்க வேண்டும்

மகள், தம்பியையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு இதை வாசி. நீ எழுதிய இசையை விழாவில் வாசித்த அன்று அவன் அம்மாவின் மடியில் இருந்தவன், ஒன்றும் ஞாபகம் இராது. உனக்கு இருக்கும். ஆனால் பெரிய மேளத்துக்குப் பின்னால் நின்ற எனக்கு அன்றைக்கு எப்படி இருந்தது என்று நான் உங்கள் இரண்டு பேருக்கும் சொன்னதில்லை.

நானும், நீங்கள் மாமா என்று கூப்பிடுகிற என் கூட்டாளிமாரும் யாழ்ப்பாணத்தில் ஒரே பள்ளிக்கூடத்து பாண்ட் குழு. ஜெர்மனிக்கு வந்து எசன் நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் சேர்ந்த பிறகு, பழைய மாணவர் கோடை விழாவில் வருசத்துக்கு ஒருக்கால் வாசிக்கத் தொடங்கினோம். முதலில் பள்ளிக்கூடத்தில் பழகிய மார்ச்சுகள் மட்டும்தான். "ஒவ்வொரு வருசமும் இதையோ? கண்ணை மூடினால் விளையாட்டுப் போட்டி மாதிரிக் கிடக்கு" என்று அம்மா சொன்னா. அதனால் சினிமாப் பாட்டுகளைப் பிடித்து மார்ச் தாளத்துக்குள் இழுத்தோம். காதல் பாட்டெல்லாம், காதலன் பட்டாளத்தில் சேர்ந்த மாதிரி நடந்தது. ஆனாலும் சனம் கைதட்டியது.

பிறகு உன் முறை வந்தது. நீ இங்கத்தைய ஜெர்மன் இசைச் சங்கம் ஒன்றில் குழல் பழகி, பதினாறு வயதில் நீயே ஒரு இசை எழுதினாய். பிள்ளைகளும் மாமாமாரும் சேர்ந்து வாசிக்கலாம் என்றாய். எங்களுக்கு வலு புளுகம், சந்தோசத்தில் தலைகால் தெரியவில்லை.

அந்த இசையின் நடுவில் பெரிய மேளம் இரண்டு அடி அடிக்கும். நாலு எண்ணும்வரை மௌனம். பிறகு குழல் தொடங்கும். வில்லங்கம் அங்கேதான். எங்கள் பாண்டில் பெரிய மேளம் சேர்த்து இரண்டு அடி அடித்தால், பாட்டு முடிந்தது, நில் என்று அர்த்தம். பழகுகிற நாளெல்லாம் அந்த இரண்டு அடி விழுந்ததும் மாமாமார் குச்சியை அக்குளுக்குள் செருகிக்கொண்டு விறைப்பாக நின்றுவிடுவார்கள்.

"மாமா, இது முடிவில்லை. பௌசே!" என்று கத்துவாய்.

"பௌசே எண்டால் தேத்தண்ணி எங்கை, பிள்ளை?" என்றார் ட்ரம்பெட் மாமா. ஜெர்மனில் இசை நடுவில் நிறுத்துவதும் பௌசே, வேலை இடைவேளையும் பௌசே; வேலைத்தலத்தில் எங்களுக்குத் தெரிந்தது தேத்தண்ணிப் பௌசே மட்டும்தான். எல்லாரும் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை.

காரில் வரும்போது கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாய்: "விழாவிலையும் நிண்டால் என்ர இசை அதிலையே செத்துப்போம், அப்பா. நான் பிள்ளையளோட தனிய வாசிக்கிறன்."

"ஒருக்கால் விட்டுப் பார், மகள். நிக்கமாட்டம்."

"உங்களுக்கு விளங்குது. உங்கட காலுக்குத்தான் ஏலாது."

ஆனாலும் எங்களை விலக்காமல் வைத்திருந்தாய். அந்தக் கிழமை சின்ன மேளம் அடிக்கிற மாமா எனக்குப் போன் எடுத்தார். "அண்ணை, பிள்ளையின்ர அலுவலைக் குழப்பினமெண்டால் நான் இனிக் குச்சி தொடமாட்டன். எங்கட பாட்டு முடிஞ்சுது எண்டு விடுவம்." அவர் பகிடிக்குச் சொல்லவில்லை.

விழா அன்று நல்ல வெயில். முதல் பாதி தண்ணி மாதிரி ஓடியது. நான் இரண்டு அடி அடித்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்க, இரண்டு பக்கமும் சப்பாத்துகள் 'டக்' என்று சேர்ந்தன. குச்சிகள் அக்குளுக்குள் போயின. என் கையும் என்னைக் கேட்காமலே மேளத் தோலை அமத்திப் பிடித்துவிட்டது. எண்ணிக்கை தவறிப்போனது. முடிந்ததாக்கும் என்று சனம் கைதட்டத் தொடங்கிற்று.

நீ திரும்பிப் பார்த்தாய். அழப்போகிறாய் என்றுதான் நினைத்தேன். நீ குழலைக் கீழே இறக்கி, அடிவயிற்றிலிருந்து கத்தினாய்: "பாண்ட்! பை த லெஃப்ட்... குயிக் மார்ச்!"

பள்ளிக்கூடத்தில் எங்கள் பாண்டை நடக்கத் தொடங்க வைத்த கட்டளை அது. கிண்டர்கார்டனுக்குப் பனிக்குள் நடக்கமாட்டேன் என்று நீ அடம்பிடித்த காலைகளில், அப்படிச் சொல்லித்தான் உன்னை நடத்திக்கொண்டு போவேன். எனக்கு அது மறந்தே போயிருந்தது.

எங்கள் இடது கால்கள் எல்லாம் ஒன்றாகப் போயின. குச்சிகள் வெளியே வந்தன. உன் குழல் எழும்பியது. சின்ன மேளத்து மாமா வாசித்துக்கொண்டே கண்ணைத் தோள்மூட்டில் துடைத்தார். வியர்வை என்று பிறகு சொன்னார்.

முடிந்ததும் ட்ரம்பெட் மாமா உன்னிடம் வந்தார். "பௌசே முடிஞ்சுது எண்டு மணி அடிச்சியே, நல்ல காலம்! இல்லாட்டி நாங்கள் இன்னும் அதிலைதான் நிப்பம்."

அப்போதுதான் சிரித்தாய். "அடுத்த வருசமும் அதிலை நில்லுங்கோ, மாமா. நான் கூப்பிடுறன். அப்பிடியே இசையிலை எழுதிவிடுறன்."

வீட்டுக்கு வந்து, நீங்கள் மேலே ஏறிப் போன பிறகு, மேளத்தை வைக்க நான் நிலவறைக்கு இறங்கினேன். வைக்க மனம் வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு மேளத்தைத் திரும்பத் தோளில் மாட்டிக்கொண்டேன். மேல்வீட்டு ஜெர்மன் அம்மாவுக்குக் கேட்காமல், மெல்ல இரண்டு அடி அடித்தேன். கையைத் தோலில் வைக்கவில்லை. நாலு எண்ணினேன். ஒருவரும் கத்தாமலே இடது காலை எடுத்து வைத்தேன்.