இரண்டு காதும் தெரிய வேண்டும்

இது நடந்த கதை. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. நடராஜா பெரிய பொய்யர் என்று மாத்தளையில் பாதிப் பேர் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் பொய் சொல்கிறவன் தனக்கு நல்ல பேர் வருகிற மாதிரித்தான் சொல்வான். இந்தக் கதையில் அவருக்கு நல்ல பேர் ஓர் இடத்திலும் இல்லை. அதனால்தான் நான் நம்பினேன்.

வருஷம் 1973. மாத்தளை டவுனில் அவருக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ. கல்யாணப் படங்கள் குறைந்து, பாஸ்போர்ட் படங்கள் குவிந்திருந்த நேரம். இரு நாட்டு ஒப்பந்தப்படி தேயிலைத் தோட்டத்துச் சனங்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். குடும்பம் குடும்பமாக வந்து ஸ்டூலில் உட்காருவார்கள். எண்ணெய் வழியும் தலை, பயந்த முகம். "நேராப் பாருங்க. ரெண்டு காதும் தெரியணும்." ஒரு நாளைக்கு நூறு தடவை இதைச் சொல்வார். காது தெரியாத படம் திரும்பி வந்துவிடும். பிறந்த ஊரை விட்டுத் துரத்துவதற்குக் காதைப் பார்க்கிறார்களே என்று அவருக்கே கசப்பாக இருக்கும். இருந்தாலும் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

அவர் உயிர் மலையில் இருந்தது. பக்கத்துக் கடை பதுர்தீன் நானா ஹஜ்ஜுக்குப் போய் வந்தபோது கொண்டுவந்த குட்டிக் கேமரா ஒன்றை அவருக்கு விற்றார். "நெஞ்சுப் பையில போட்டுட்டு மலை ஏறலாம் தம்பி, கனமே தெரியாது" என்றார். அப்படித்தான் இருந்தது, ஒரு மாம்பழக் கனம். முப்பத்தாறு படச் சுருளில் எழுபத்திரண்டு எடுக்கலாம். தோல் உறை, அதற்கு ஓர் அமுக்குப் பொத்தான். ஸ்டூடியோவின் பெரிய கேமராவையும் மூன்று கால் தாங்கியையும் தூக்கிக்கொண்டு யாராவது பாறை விளிம்பில் தொங்க முடியுமா? இதோடு தொங்கலாம். அவர் தொங்கினார். ஞாயிறுதோறும் கடையைப் பூட்டிவிட்டு ரத்தோட்டை பஸ் ஏறுவார். பிறகு நடை, பச்சைக்காட்டுத் தோட்டத்தைத் தாண்டி மானாப்புல் மலை. கீழேயிருந்து மேகம் எழும்பி வருவதைப் பிடிப்பார். கொழும்பில் ஒரு காலண்டர்காரர், நல்ல மலைப் படம் இருந்தால் கொண்டுவா, பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். அந்த ஆசை அவரை ஆட்டிவைத்தது.

ஃபிலிம்தான் கிடைக்கவில்லை. இறக்குமதி நின்று, துணிக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற காலம் அது. கைக்கு வந்த சுருளில் பாதியை மலைக்கென்று ஒளித்து வைத்தார்.

போகிற வழியில் தோட்டத்துச் சனம் மறிக்கும். ஒரு படம் புடிங்கண்ணே என்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். மறுக்கவும் மனம் வராது, ஃபிலிமை விடவும் மனம் வராது. அதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தார். கேமராவைக் கண்ணில் வைத்து, கட்டைவிரலால் உறையின் பொத்தானை அமுக்குவார். டிக். படம் விழுந்ததாக நம்பி அவர்கள் போய்விடுவார்கள். யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தார்.

மே மாதம் ஆறாம் தேதி, தோட்டத்தின் மேல் டிவிஷன் லயத்து வீடுகளிலிருந்து ஒரு பெண் மூச்சு வாங்க ஓடி வந்தாள். பெயர் கிருஷ்ணம்மா. முப்பது வயதிருக்கும்.

"அண்ணே, பாஸ்போட்டுக்கு ஒரு படம் வேணும். புருஷனுக்கும் புள்ளைங்களுக்கும் வந்திருச்சு. என் படத்தத்தான் ரெண்டு தடவ திருப்பிட்டாங்க."

"டவுனுக்கு வாங்களேன்."

"வேல நாள்ல வந்தா பேர் போயிரும், அன்னக்கிச் சம்பளமில்ல. ஞாயித்துக்கெழம வந்தா ஒங்க கட பூட்டியிருக்குண்ணே."

கடை ஏன் பூட்டியிருந்தது என்று அவருக்குத் தெரியும்.

அவள் வளைவிலிருந்த ஒரு கல்லில் உட்கார்ந்தாள். சொல்லாமலே முடியை இரண்டு காதுக்கும் பின்னால் ஒதுக்கினாள். மேலே உச்சியில் மேகம் விலகத் தொடங்கியிருந்தது. ஃபிலிமில் மீதி ஐந்து படம்.

டிக்.

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு. ரத்தோட்டை பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில குடுத்து வைக்கிறேன். அடுத்த ஞாயிறு வாங்கிக்கங்க."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் மலை ஏறினார். அன்று மேகம் அள்ளிக் கொடுத்தது. ஐந்து படமும் பிரமாதம். மாத்தளை பஸ் புறப்படுவதற்குள் கிருஷ்ணம்மாவை மறந்துபோனார்.

பிறகு மழை. அதன் பிறகு வேறு மலைகள். மறுபடி பச்சைக்காட்டுப் பக்கம் போனது அக்டோபர் ஏழாம் தேதி.

பிற்பகல் 3.10. மேகம் வேகமாக இறங்கியது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. இனிப் படம் கிடையாது என்று கேமராவை உறையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். பாதையில் இறங்கத் தொடங்கினார்.

டிக்.

குனிந்து பார்த்தார். பொத்தான் திறந்திருந்தது. பழைய உறை, தளர்ந்திருக்கும். மறுபடி போட்டார்.

3.18. டிக்.

இந்தத் தடவை கை பொத்தானின் மேலேயே இருந்தது. அது திறக்கவில்லை. சத்தம் முன்னாலிருந்து வந்தது... மேகத்துக்குள்ளிருந்து.

நின்றார். மானாப்புல் சாய்ந்து சாய்ந்து ஆடியது. ஆனால் காற்றுச் சத்தம் இல்லை. அந்த மலையில் காற்றுச் சத்தம் இல்லாமல் அவர் ஒரு நிமிஷம்கூட நின்றதில்லை.

மெதுவாக வளைவில் திரும்பினார்.

கல். கல்லில் அவள்.

முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கைகள் முழங்காலில். முடி காதுக்குப் பின்னால். நெற்றியில் பெரிய பொட்டு. புல்லெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அவள் சேலை நனையவில்லை. இடுப்பைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணி, இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது.

"அண்ணே. அந்தப் படம் வரல."

நடராஜாவுக்கு அப்போது பயம் இல்லை. வெட்கம்தான். இந்தத் தடவையாவது உண்மையாக எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று கேமராவைக் கண்ணில் வைத்தார்.

கல் தெரிந்தது. புல் தெரிந்தது.

கண்ணை எடுத்தார். அவள் இருந்தாள்.

மறுபடி வைத்தார்.

வெறும் கல்.

விரல் அமுக்கியது. கேமரா அசையவில்லை. விசை இறங்கவில்லை. ஆனால்...

டிக்.

"எடுத்தாச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லைச் சொல்லாததற்காக அவர் சாகும்வரை தன்னைத் திட்டிக்கொண்டார். என்ன செய்ய, பழகின வாய்.

"எடுத்தாச்சு."

அவள் கும்பிடவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

3.31. அடுத்த வளைவு.

கல். அவள்.

"எடுத்தாச்சா?"

ஓடினார்.

3.36. இன்னொரு வளைவு. இப்போது பாதைக்குப் பக்கத்தில்.

"எடுத்தாச்சா?"

வாய் அசையவில்லை. குரல் மட்டும்.

டிக்.

டிக்.

டிக்...

4.05க்கு லயத்துப் பீலியடியில் வந்து விழுந்தார். முழங்கால் கிழிந்து இரத்தம். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த சின்னப்பிள்ளை என்ற அம்மாள் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். ஐம்பது தாண்டியவள். கேமராவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"கிருஷ்ணம்மா... மேல இருக்காங்க" என்றார்.

சின்னப்பிள்ளை குடத்தை இறக்கி வைத்தாள்.

"ஆடி மாசம் புருஷனும் புள்ளைங்களும் கப்பலேறிட்டாங்க. தேதிய மாத்த முடியாதுன்னுட்டாங்க. பின்னால வர்றேன்னு இவ நின்னுக்கிட்டா. ஞாயித்துக்கெழம தவறாம ரத்தோட்ட டீக்கடைக்குப் போவா, படம் வந்துச்சான்னு கேக்க. மழையில நனைஞ்சு காய்ச்சலு. போன மாசம் செத்துட்டா தம்பி."

நடராஜா செம்பைக் கீழே வைத்தார்.

செத்தவர்களை உட்கார வைத்துப் படம் எடுப்பது அங்கே வழக்கம். பலருக்கு வாழ்க்கையில் அது ஒன்றுதான் படம். சின்னப்பிள்ளை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"முகத்தையாவது புள்ளைங்களுக்கு அனுப்பணுமில்ல? குளிப்பாட்டி, பொட்டு வச்சு, காலையில எட்டு மணிக்கே நாக்காலில வச்சுக் கட்டுனோம். ரெண்டு காதும் தெரியத் தல சீவிவிட்டேன். பாவம், அதுக்குத்தானே அலஞ்சா. டவுனுக்கு ஆள் அனுப்புனோம். ஒங்க கடைக்குத்தான். ஃபிலிம் இல்லேன்னு சொல்லிட்டீங்களாம்."

ஒரு வியாழக்கிழமை. நனைந்த குடையோடு வாசலில் நின்ற ஆள். நடராஜாவுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அன்று மேசை லாச்சிக்குள் இரண்டு சுருள் இருந்தது.

"வேற யாராச்சும் வருவாங்களான்னு ராகு காலம் முடியிற வரைக்கும் பாத்தோம். யாரும் வரல."

"எங்க... பொதைச்சீங்க?"

"நீங்க வந்த பாதையிலதான், மேல் வளைவுல. கட்ட அவுத்துட்டுப் படுக்க வைக்கப் பாத்தோம். ஒடம்பு வெறைச்சுப் போயிருந்துச்சு, காலு நீளல. ஒடைச்சுப் படுக்க வைக்க யாருக்கும் மனசு வரல."

சின்னப்பிள்ளை குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"உக்காந்தபடியேதான் இருக்கா தம்பி."